தோற்றாலும் விற்கும் சாக்லேட்

2006 ஏப்ரலில் பிரிட்டனில் மார்ஸ் சாக்லேட்டுக்குப் பெயர் மாறியது. சுவை அதேதான், கறுப்பு உறையும் அதேதான். தங்கக் கரை போட்ட சிவப்பு எழுத்தின் வளைவு நெளிவில்கூட மாற்றமில்லை. ‘மார்ஸ்’ என்று இருந்த இடத்தில் மட்டும் ‘பிலீவ்’ என்று வந்து உட்கார்ந்திருந்தது. நம்பு. எதை நம்ப வேண்டும் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜூன் 9ஆம் தேதி ஜெர்மனியில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்க இருந்தது. இங்கிலாந்து அந்தக் கோப்பையைத் தூக்கியது 1966இல், ஒரே ஒரு தடவை. சரியாக நாற்பது வருடப் பசி.

எந்தச் சரக்குக்கும் பெயர்தான் பெரிய சொத்து. அதை ஊரெல்லாம் பெரிதாக எழுதிப்போடத்தான் கம்பெனிகள் காசைக் கொட்டுகின்றன. மார்ஸ் அதைக் கழற்றி வைத்துவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட பெயர்? மார்ஸ் என்பது செவ்வாய் கிரகம் இல்லை, முதலாளியின் குடும்பப் பெயர். அமெரிக்காவில் மிட்டாய் வியாபாரம் செய்த அப்பாவோடு ஒத்துப்போகாமல் இங்கிலாந்துக்குக் கிளம்பி வந்த பாரஸ்ட் மார்ஸ், 1932இல் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் ஒரு சின்னத் தொழிற்கூடம் பிடித்து ஆரம்பித்த சரக்கு அது. அப்பா அமெரிக்காவில் விற்ற மில்கி வேயைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான். இன்றுவரை கம்பெனி அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்துக்காரர்களிடம் மார்ஸ் அமெரிக்கச் சரக்கு என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். தினம் ஒரு மார்ஸ் தின்றால் வேலை, ஓய்வு, விளையாட்டு மூன்றுக்கும் நல்லது என்ற பழைய விளம்பர வரியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் அவை.

ஆக, ஒரு அமெரிக்கக் குடும்பம் தன் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இங்கிலாந்தின் ஆசையை ஒட்டியது.

இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. 2006 உலகக் கோப்பைக்கு அதிகாரபூர்வ ஸ்பான்சர்கள் 15 பேர். மார்ஸ் கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லை. முன்பு இருந்தது, 1994இலும் 1998இலும் அதன் ஸ்னிக்கர்ஸ் உலகக் கோப்பை ஸ்பான்சராகவே வந்தது. பட்டியலில் இல்லாதவர்கள் கோப்பையின் படத்தைப் போட முடியாது, போட்டியின் முத்திரையைத் தொட முடியாது. ஆனால் ‘நம்பு’ என்று எழுதுவதற்கு, போட்டியை நடத்தும் ஃபிஃபாவிடம் யாரும் அனுமதி வாங்க வேண்டாம்.

நான் அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். மாலை வேளைகளில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் ஆஃப் லைசென்ஸ் கடையில் கல்லாவில் நிற்பேன். பால், ரொட்டி, பேப்பர், சிகரெட், பியர் விற்கும் இந்த மாதிரி மூலைக்கடைகளில் நிறைய ஈழத்தமிழர்களுடையவை. லண்டனில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் வளர்ந்த ஊரில் மார்ஸ் என்பது துபாயிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவந்து ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக் கொடுக்கும் பொருள். இங்கே அது கல்லாவுக்குப் பக்கத்தில், சில்லறை வாங்கும் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்தது.

புதுப் பெட்டி வந்த அன்று அண்ணை அதைத் திறந்து பார்த்துவிட்டு, “மார்ஸ் எங்கை தம்பி? வேறை ஏதும் மாறி அனுப்பிப்போட்டாங்களோ?” என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். “இதை ஆர் நம்புறது? உவங்கள் எத்தினை வருசமா நம்பிக்கொண்டு இருக்கிறாங்கள்” என்று சிரித்தார். அவர் பிரேசில் பக்கம். ரொனால்டினோ படம் கடையின் பின்னறையில் சாமிப் படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தது. ஆனாலும் வியாபாரி அல்லவா. “சரி, முன்னுக்கு வை. பந்து பாக்கேக்கை சனத்துக்கு வாய் சும்மா இராது” என்று அடுத்த நிமிஷமே பெட்டியை இடம் மாற்றச் சொன்னார்.

நான் கவனித்த வரையில் ஒருவர்கூட ‘பிலீவ்’ கொடு என்று கேட்டு வாங்கவில்லை. உறையைப் பார்த்துச் சிரிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், “ஒரு மார்ஸ்” என்றுதான் கேட்பார்கள். கம்பெனி அவ்வளவு துணிச்சலாகப் பெயரைக் கழற்றியதன் ரகசியம் அதில் இருக்கிறது. பெயர் உறையில் இல்லாவிட்டால் என்ன, ஜனங்களின் வாயில் பத்திரமாக இருக்கிறதே. நேற்று வந்த ஒரு சாக்லேட் இதைச் செய்திருந்தால் அட்ரஸ் இல்லாமல் போயிருக்கும்.

பெட்டிகள் கடைக்கு வந்த அதே மாதம் 29ஆம் தேதி செல்சி மைதானத்தில் இங்கிலாந்தின் நட்சத்திர வீரர் வேய்ன் ரூனிக்குக் கால் எலும்பு முறிந்தது. நாடே அந்த ஒரு பாதத்தின் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்கு வரும் ஆட்கள், எலும்பு டாக்டர்கள் மாதிரி மெட்டாடார்சல் என்ற பாத எலும்பைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் ரூனி எப்படியோ தேறி ஜெர்மனி போனார். பராகுவேயை, அவர்களே போட்டுக்கொண்ட ஒரு சுய கோலால் இங்கிலாந்து ஜெயித்தது. ஸ்வீடன் ஆட்டத்தில் முதல் நிமிஷமே மைக்கேல் ஓவன் முழங்கால் மடங்கி விழுந்தார். ஈக்வடாரை பெக்காமின் ஒரு ஃப்ரீ கிக்கில் தாண்டினார்கள். அன்று பெக்காம் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். ஒரு ஆட்டமும் நன்றாக இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கார்களில் கொடி கூடியது. ஜூலை 1ஆம் தேதி கெல்சன்கிர்ஷனில் போர்ச்சுகலோடு கால் இறுதி. ரூனிக்குச் சிவப்பு அட்டை. கூடுதல் நேரம் முடிந்தும் கோல் இல்லை. பெனால்டியில் லாம்பார்ட், ஜெரார்ட், கேரகர் மூன்று பேரும் அடித்ததைப் போர்ச்சுகல் கோல்கீப்பர் ரிக்கார்டோ தடுத்தார். ஹார்கிரீவ்ஸ் ஒருவர்தான் உள்ளே போட்டார். முடிந்தது கதை.

அதே நாள் இரவு பிரேசிலும் பிரான்ஸிடம் தோற்று வெளியே போனது. அண்ணை மறுநாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கொடிகள் சில நாளில் கழன்றுவிட்டன. சாக்லேட் அப்படிக் கழலாது. அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பொருள். அச்சடித்த உறை அச்சடித்ததுதான். அணி ஊர் திரும்பிப் பயிற்சியாளர் எரிக்சனும் விலகிய பிறகு, மிச்சமிருந்த பெட்டிகள் தட்டில் உட்கார்ந்து எல்லோரையும் ‘நம்பு, நம்பு’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. வாங்க வந்தவர்களுக்கு அது ஒரு நகைச்சுவை ஆகிவிட்டது. நக்கலடித்துக்கொண்டே வாங்கினார்கள். எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. ஜெயித்திருந்தால் கொண்டாட்டத்தில் வாங்கியிருப்பார்கள், தோற்றதால் எரிச்சலோடு வாங்குகிறார்கள், நடுவில் பதற்றத்தில் வாங்கினார்கள். விளம்பரம் விற்றது வெற்றியை அல்ல, காத்திருப்பை. காத்திருப்புக்குக் கால் இறுதியோடு கெடு முடிவதில்லை. நான்கு வருடம் கழித்து வட்டியோடு திரும்பி வரும். இங்கிலாந்து அடிக்கடி கோப்பை வாங்கும் நாடாக இருந்திருந்தால் இந்த விளம்பரத்துக்கே வேலை இருந்திருக்காது.

இதற்குப் பின்னால் ஒரு சாதாரண வியாபாரக் கணக்கும் இருக்கிறது. குளிர் நாடுகளில் சாக்லேட் விற்பது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். வெயில் வந்தால் ஜனங்கள் ஐஸ்கிரீம் பக்கமும் குளிர்பானம் பக்கமும் போய்விடுவார்கள். உலகக் கோப்பையும் ஐரோப்பியக் கோப்பையும் பெரும்பாலும் அந்த மந்தமான ஜூன், ஜூலையில் வருகின்றன. ஜனங்கள் திட்டம் போட்டு வாங்காத பொருளுக்கு, கல்லாவில் கை நீட்ட ஒரு சாக்கு வேண்டும். தேசம் அந்தச் சாக்கு. அவ்வளவுதான்.

2008இல் அதே கம்பெனி ஆஸ்திரேலியாவிலும் அதே பெயரை எடுத்துவந்தது. இந்த முறை கால்பந்தே வேறு. ஆஸ்திரேலிய விதிப்படி ஆடும் ஃபுட்டி லீகில் டாஸ்மேனியா தீவுக்கு ஒரு அணி வேண்டும் என்று அந்த மாநில அரசு கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஆதரவாக மார்ஸ் மறுபடி ‘பிலீவ்’ ஆனது. டாஸ்மேனியாவுக்கு அணி உரிமம் கிடைத்தது 2023இல். பாருங்கள், பதினைந்து வருடக் காத்திருப்பு! கம்பெனிக்கு ஆள் தேர்வு செய்யத் தெரிந்திருக்கிறது.

பிரிட்டனில் அதே 2008இல் மார்ஸின் எடை 62.5 கிராமிலிருந்து 58 ஆனது, 2013இல் 51. இங்கிலாந்து ரசிகர்களின் நம்பிக்கை அந்தக் காலத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்று சத்தியம் செய்வேன்.

2010 உலகக் கோப்பைக்கு மார்ஸ் பழைய இங்கிலாந்து வீரர் ஜான் பார்ன்ஸைக் கூட்டிவந்தது. 1990இல் இங்கிலாந்து அணிக்காக வந்த ஒரு பாட்டில் பார்ன்ஸ் ராப் பாடினார். அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த வருடம் அணியும் அரை இறுதிவரை போய் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. இருபது வருடம் கழித்து, கொஞ்சம் சதை போட்ட பார்ன்ஸ் அதே ராப்பை விளம்பரத்தில் பாடினார். எனக்கு அந்த விளம்பரம் பிடிக்கும். அவர் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் விதம் அழகு. ஆனால் அது நினைவூட்டியது எதை? ஒரு தோல்வியை. சுகமான தோல்வியை. அந்த ஜூன் 27இல் புளூம்ஃபான்டைனில் ஜெர்மனி 4-1 என்று போட்டுத் தாக்கியது. லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தும் நடுவர் கோல் கொடுக்கவில்லை. அடுத்த இருபது வருடத்துக்கான சரக்கு அன்றே தயார்.

ஜெர்மனியில் இந்த வியாபாரம் வேறு மாதிரி நடக்கும். அங்கே ஃபெரேரோதான் ராஜா. ஹனுட்டா, டூப்ளோ என்ற தன் தின்பண்டங்களின் உறைகளுக்குள் தேசிய அணி வீரர்களின் படங்களைப் போட்டுப் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளைச் சேர்க்க வைக்கும் கம்பெனி. 2006 போட்டி தங்கள் ஊரிலேயே நடந்தபோது, படத்தோடு போட்டியின் பெயரையும் போட ஃபெரேரோ விரும்பியது. ஃபிஃபாவோ ‘ஃபுஸ்பால் வே எம் 2006’ என்பதை, அதாவது ‘கால்பந்து உலகக் கோப்பை 2006’ என்பதையே தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்து வைத்திருந்தது. ஃபெரேரோ வழக்கை உச்ச அளவுக்கு இழுத்துக்கொண்டு போனது. 2006 ஏப்ரல் 27ஆம் தேதி ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பதிவை ரத்து செய்தது. அது ஒரு நிகழ்ச்சியின் பெயர், எல்லோரும் பேசும் வார்த்தை, ஒருவருக்குச் சொந்தமாக முடியாது என்பது அதன் சாரம். ஆட்டம் தொடங்க ஆறு வாரம்தான் இருந்தது. ஃபிஃபாவை மைதானத்துக்கு வெளியே தோற்கடித்தது ஒரு மிட்டாய்க் கம்பெனி என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். ஃபெரேரோ இத்தாலியக் கம்பெனி. அந்த 2006 அரை இறுதியில் டார்ட்முண்டில் ஜெர்மனியை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பியது இத்தாலி. கோப்பையையும் அதுவே எடுத்துக்கொண்டு போனது.

பத்து வருடம் கழித்து, 2016இல் யூரோ எனப்படும் ஐரோப்பியக் கோப்பைக்கு முன்னால், ஃபெரேரோ இன்னொரு காரியம் செய்தது. அதன் கிண்டர் சாக்லேட் அட்டையில் எப்போதும் சிரிக்கும் ஒரு பையன் முகம் இருக்கும். 1973 முதல் 2005 வரை ஒரே பையன். பல ஜெர்மன் தலைமுறைகளுக்குப் பால்வடியும் முகம் என்றால் அவன்தான். 2005இல் அந்தப் பையனை மாற்றியதற்கே பெரிய சண்டை நடந்தது. 2016இல் அந்த இடத்தில் தேசிய அணி வீரர்களின் சின்ன வயதுப் படங்களை அச்சடித்தார்கள். அதில் ஜெரோம் போவாடெங் உண்டு, இல்காய் குண்டோகான் உண்டு. போவாடெங் பெர்லினில் பிறந்தவர், அப்பா கானாக்காரர். குண்டோகான் கெல்சன்கிர்ஷனில் துருக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

தெற்கே கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கம் இருந்த பெகிடா என்ற குடியேற்ற எதிர்ப்பு இயக்கத்தின் ஒரு கிளை இந்த அட்டைகளைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுப் பொருமியது. அட்டையில் இருப்பது தங்கள் தேசிய அணி என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கறுப்பாக ஒரு பையன், கொஞ்சம் மாநிறமாக இன்னொருவன். நம் சாக்லேட்டில் இவர்களுக்கு என்ன வேலை என்பதுதான் அவர்கள் குறை. யாரோ உண்மையைச் சொன்னதும் நாடே சிரித்தது. ஃபெரேரோ தனக்கு இனவெறியில் உடன்பாடில்லை என்று அறிக்கை விட்டது, கால்பந்துச் சங்கத் தலைவர் கண்டித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், குடியேற்றத்தை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சியின் அலெக்ஸாண்டர் கவுலண்ட், போவாடெங்கை ஜனங்களுக்குப் பந்தாட்டக்காரராகப் பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரராக வேண்டாம் என்பார்கள் என்ற பொருளில் பேசிச் சிக்கிக்கொண்டார். போவாடெங் சொன்ன உண்மையான பதில் மைதானத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். ஜூன் 12இல் உக்ரைனுக்கு எதிராகக் கோல் கோட்டின்மேல் பின்பக்கமாக விழுந்துகொண்டே பந்தை வெளியே தள்ளினாரே, அதுதான். பிறகு ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக எட்டாவது நிமிஷத்தில் கோலும் போட்டார்.

‘பிலீவ்’ உறையைவிட இந்த அட்டை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்ஸ் எதையும் பணயம் வைக்கவில்லை. எல்லோருக்கும் ஏற்கனவே இருந்த ஆசையைத் திருப்பிக் கொடுத்தது. ஃபெரேரோவும் புரட்சி செய்யக் கிளம்பவில்லை, அதற்கும் விற்பனைதான் குறி. ஆனால் அணியில் இருப்பவர்களின் முகத்தை அப்படியே அச்சடித்தபோது, ‘நம்ம அணி’ என்று கத்துகிறவர்கள் யாரை ‘நம்ம’ கணக்கில் சேர்க்கிறார்கள் என்பது அட்டையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அணித்தேர்வுக்கு முன்பே இந்த அட்டைகளெல்லாம் அச்சாகிவிடும் என்பதால் வேறு ஒரு சங்கடமும் வந்தது. குண்டோகானுக்கு மே மாதமே முழங்கால் போய்விட்டது. அவர் அந்த யூரோவில் ஆடவே இல்லை, சாக்லேட்டில் மட்டும்தான் ஆடினார்.

போவாடெங்கின் அப்பா ஊரான கானாவும் பக்கத்திலிருக்கும் ஐவரி கோஸ்டும் சேர்ந்துதான் உலகத்தின் கோகோவில் ஏறக்குறைய பாதியை விளைவிக்கின்றன. இந்த இரண்டு நாடுகளும் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது எப்போது தெரியுமா? 2006இல். இங்கிலாந்துக் கடைகளில் ‘நம்பு’ என்று எழுதிய உறைகள் அடுக்கப்பட்ட அதே வருடம். ஐவரி கோஸ்டில் 2002 முதல் உள்நாட்டுப் போர். 2005 அக்டோபரில் சூடானை ஜெயித்துத் தகுதி பெற்ற கையோடு, உடை மாற்றும் அறையில் கேமரா முன்னால் அணியின் நட்சத்திரம் தித்தியே த்ரோக்பா மைக்கைப் பிடிக்க, அணி மொத்தமும் மண்டியிட்டு ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று தன் நாட்டைக் கெஞ்சியது. கானாவோ செக் குடியரசையும் அமெரிக்காவையும் ஜெயித்து இரண்டாம் சுற்றுக்குப் போனது. கொட்டை விளைவித்த ஊர்களின் கனவு எந்த மார்ஸ் உறையிலும் வரவில்லை. வராததில் ஆச்சரியமும் இல்லை. கோகோ விளையும் கிராமங்களில் அந்த சாக்லேட்டை வாங்கித் தின்கிறவர்கள் குறைவு.

அண்ணையின் பிரேசிலிலும் இந்தக் கூத்து நடந்தது. 2014இல் உலகக் கோப்பை அங்கேயே நடந்தபோது உள்ளூர் ஸ்பான்சர்களில் ஒன்று கரோட்டோ சாக்லேட். ஊரே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டிருந்த மாதம். வில்லா வெல்யா என்ற ஊரில் 1929இல் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் பெயர் ஹைன்ரிக் மேயர்ஃபிராயிண்ட், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். இப்போது அது சுவிட்சர்லாந்து நெஸ்லேயின் கையில். அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1-7. இதைக் கதையில் எழுதியிருந்தால் ரொம்ப ஜோடனை என்று எடிட்டர் வெட்டியிருப்பார்.

அமெரிக்கக் குடும்பம் இங்கிலாந்துக்கு, இத்தாலியக் கம்பெனி ஜெர்மனிக்கு, சுவிஸ் முதலாளி பிரேசிலுக்கு. ஒருவரும் தன் சொந்த நாட்டுக் கொடியை விற்கவில்லை. இதில் சதி ஒன்றும் கிடையாது. யார் ஜெயித்தாலும் ஏதோ ஒரு நாட்டில் பெட்டி காலியாகும், அடுத்த தடவை அச்சடிக்க வேறு கொடி இருக்கும்.

இப்போது பிரிட்டனில் விதி கொஞ்சம் இறுகியிருக்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தின்பண்டங்களை 2026 ஜனவரி முதல் இரவு 9 மணிக்கு முன் டிவியில் விளம்பரம் செய்யக் கூடாது. இணையத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரமும் கூடாது. பண்டத்தைக் காட்டாமல் கம்பெனியின் பெயரை மட்டும் காட்டினால் தப்பில்லை என்று ஒரு விலக்கும் உண்டு. அன்று பெயரை மறைத்துப் பண்டத்தைக் காட்டியவர்கள் இனி அதைத் தலைகீழாகச் செய்து பழக வேண்டும். ஆனால் 2026 உலகக் கோப்பை நடப்பது வட அமெரிக்காவில். இங்கிலாந்தின் முதல் சுற்று ஆட்டங்கள் குரோஷியா, கானா, பனாமாவோடு. அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். லண்டன் நேரப்படி மூன்றில் ஒன்றுகூட 9 மணிக்கு முன் தொடங்கவில்லை.